எங்க வேணாலும் போவும்

நாற்பது மில்லிமீட்டர் தூக்கியிருக்கிறான்
தங்கை வீட்டுக்காரன் தயாநிதி.
சத்துவாச்சாரிப் பட்டறையில் ஸ்பிரிங் மாற்றி,
பல் முரடான டயர் போட்டு,
நாலு எலுமிச்சையும் நசுக்கியாயிற்று.
"எங்க வேணாலும் போவும்க்கா.
மலையெல்லாம் அளந்தவங்க நீங்க,
பார்த்துச் சொல்லுங்க."

எங்க வேணாலும் என்கிற ஊருக்குச்
சர்வே எண் கிடையாது, தயா.

டேப்பை இழுத்துக்கொண்டு அடியில் குனிந்தேன்.
பின் அச்சின் நடுவே தொங்கும் குண்டுக்கும்
தரைக்கும் ஒரு சாணுக்கும் குறைவு.
தூக்கியது உடம்பைத்தான்.
வேட்டியை மடித்துக் கட்டினால்
கணுக்கால் உயருமா?
கதவுக்குக் கீழே பிரதிக்ஷா ஏறுவதற்கு ஒரு படி.
கல்லுக்கு முதலில் கிடைக்கப்போவது அதுதான்.
சொல்லவில்லை. 'படியைக் கழற்றவும்' என்று
நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கூரையில் விளக்குப் பட்டை.
கண்ணாடியோரமாக மேலேறும் மூச்சுக்குழாய்,
ஆற்றில் இறங்கினால் எஞ்சின் மூழ்காதாம்.
பாலாற்றில்!
விரிஞ்சிபுரத்துக்கு இந்தப் பக்கம் இறங்கினோம்.
ஆற்றின் நடுவில் ஆடு மேய்ந்தது.
மணலில் நாற்பதடி ஓடி
வயிறு தட்டி உட்கார்ந்தது வண்டி.
மிதிக்க மிதிக்கத்
தனக்கே குழி தோண்டிக்கொண்டது.
"காலை எடு. காத்தை இறக்கு."
முப்பத்திரண்டிலிருந்து பதினெட்டுக்கு.
நாலு வால்வும் நாலு விதமாகச் சீறின;
பின்சீட்டில் பிரதிக்ஷா எண்ணினாள்.
டயர்கள் கொஞ்சம் சோம்பலாய்ப் படுத்தன.
எருமை எழுவதுபோல
முதலில் பின்பக்கம், அப்புறம் முன்பக்கம்,
எழுந்து கரையேறிவிட்டது.
தயா ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தான்.
காற்றுக்குப் போகவேண்டிய பாராட்டு.

மலை வேறு கணக்கு.
ஒடுகத்தூர் தாண்டி, தார் முடிந்து,
போன ஐப்பசி மழை கிழித்துப்போட்ட பழைய பாதை.
ஃபோர் லோ, முதல் கியர்.
மிதிக்காமலே ஏறுகிறது, அதில் குறை சொல்ல மாட்டேன்.
தங்கை ஒரு கையில் முறுக்கும்
ஒரு கையில் பிடிகம்பியுமாக இருந்தாள்.
மூன்றாவது வளைவில்
எதிரெதிராய் இரண்டு பள்ளம்.
முன் வலது சக்கரம் அந்தரத்தில்,
பின் இடது சக்கரம் அந்தரத்தில்.
அந்தரத்தில் இருப்பவை சுற்றின,
தரையில் இருப்பவை வேடிக்கை பார்த்தன.
பிடிப்பில்லாதவனிடமே பலமெல்லாம் போகிறது.
எங்கள் தாலுகா ஆபீஸிலும் இப்படித்தான்.

படி கல்லில் இடித்து வளைந்தது.
கிளட்ச் கருகும் வாடை.
பின்னால் ஒரு ஹார்ன்.
டிவிஎஸ் எக்ஸெல், ரேஷன் அரிசி மூட்டை,
கைப்பிடியில் தலைகீழாய் ஒரு கோழி.
"கொஞ்சம் இருங்க சார், நான் போயிடறேன்."
இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே
பள்ளங்களுக்கு நடுவே
ஒரு முழம் திட்டில் போய்விட்டான்.
கோழி மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டே போனது.

தயா இறங்கினான்.
சக்கரத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.
அடுத்த வளைவு வரை நடந்து போய்த் திரும்பி வந்தான்.
"மேல இன்னும் மோசம்க்கா."
அவ்வளவுதான் சொன்னான்.
கல் அடுக்கி வண்டியை விடுவித்து
பின்பக்கமாகவே இறக்கினான்.
நான் முன்னால் நடந்து,
சங்கிலி பிடிப்பவருக்குக் காட்டுவதுபோலக் கை காட்டினேன்.
இந்தப் பக்கம். இன்னும். நில்.
இருநூற்றுப் பத்து மீட்டர், நாற்பது நிமிஷம்.

மணல், போகும். ஏற்றம், போகும்.
குறுக்குப் பள்ளத்துக்குக் கல் அடுக்க ஆள் வேண்டும்.
நீர், பாலாறு வந்தால் பார்க்கலாம்.
அந்த நாற்பது நிமிஷத்தை எழுத
நோட்டில் நான் கட்டம் போட்டிருக்கவில்லை.

ஒடுகத்தூர் டீக்கடையில்
புழுதியைப் பார்த்து யாரோ கேட்டார், "இன்னா சார், மலைக்கா?"
"எங்க வேணாலும்..." என்று ஆரம்பித்தவன்
டம்ளரைக் கை மாற்றிக்கொண்டு,
"கொஞ்ச தூரம்" என்றான்.
வளைந்த படியில் உட்கார்ந்து
பிரதிக்ஷா பன் தின்றுகொண்டிருந்தாள்,
கால் தரையில் எட்டாமல்.

நோட்டை எடுத்து
ஒரு வரியை அடித்தேன்.